12 வயது கார் வாஷ் எந்திரம்: கழற்றியது, அளந்தது, மாற்றியது

மூன்று பிரஷ் ரோல்ஓவர் எந்திரம். கார் நின்ற இடத்தில் நிற்கும், பிரஷ்களைச் சுமக்கும் சட்டகமான கேன்ட்ரிதான் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பக்கத்துக்கு ஒன்றாக நிமிர்ந்த பிரஷ் இரண்டு, மேலே கிடையாக ஒன்று, பின்பக்கம் உலர்த்தும் ஃபேன் நான்கு. கடலோர ஊர், போர் தண்ணீர், நாளுக்குச் சராசரி 30 கார், 12 வருட ஓட்டம்.

புகார் மூன்று. பாதிக் கழுவலில் எந்திரம் நின்றுவிடுகிறது, ரீசெட் அழுத்தினால் எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது. கதவுகளின் இடுப்பளவுக்குக் கீழே அழுக்கு அப்படியே இருக்கிறது. காய்ந்த பிறகு கறுப்புக் கார்களில் வெள்ளைத் திட்டு. மூன்றுக்கும் சேர்த்து வந்த யோசனை ஒன்றே ஒன்று: "வயசாச்சு, புதுசு போட்டுடுங்க."

எந்த ஒயர், எந்த சீல், எத்தனை மி.மீ. தேய்மானம் என்று சொல்ல முடியாதவரை புது எந்திரத்துக்கு விலை கேட்பதில் பொருளில்லை. காரணம் எளிது. புது எந்திரம் வந்தாலும் அதே போர் தண்ணீரிலும் அதே கரன்ட்டிலும்தான் ஓடப்போகிறது. பழுதில் எவ்வளவு எந்திரத்துக்குள் இருக்கிறது, எவ்வளவு வெளியே இருக்கிறது என்று முதலில் பிரிக்க வேண்டும்.

கை வைக்கும் முன் சில விஷயங்கள். மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எமர்ஜென்சி பட்டனை மட்டும் அழுத்திவிட்டு உள்ளே கை விடக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, டிசி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். மேல் பிரஷைத் தொங்கவிடும் பெல்ட்டைக் கழற்றுவதாக இருந்தால், பிரஷின் இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்த பிறகுதான். ஈரமான பிரஷின் எடை, கையால் தூக்கிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

நடுவில் நிற்கும் நோய்

ரீசெட் போட்டால் ஓடுகிறது என்றால் மோட்டார் எரியவில்லை, மோட்டாருக்கு கரன்ட் விடும் சுவிட்சான கான்டாக்டர் ஒட்டவில்லை. ஏதோ ஒரு சிக்னல் நொடிப்பொழுது விட்டுப்போகிறது. இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது" அல்ல, "எங்கே" என்பது. பத்து முறை நின்ற இடத்தையும் தரையில் சாக்பீஸால் குறித்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரே பகுதிக்குள் குறிகள் விழுந்தால் கேபிள். ஓட்டம் முழுக்கச் சிதறியிருந்தால் ஈரம், சென்சார், 24 வோல்ட் சப்ளை. மதியத்துக்கு மேல்தான் நிற்கிறது என்றால் சூடு அல்லது வோல்டேஜ்.

இந்த எந்திரத்தில் பத்தில் ஏழு குறி கடைசி இரண்டு மீட்டருக்குள் விழுந்தது. கேன்ட்ரிக்குப் போகும் தொங்கு கேபிள் முழுதாக நீளும் இடம் அது.

கேபிளை நிறுத்திவைத்து பெல் டெஸ்ட் (இணைப்பு அறுந்திருக்கிறதா என்ற சோதனை) செய்தால் உள்ளே உள்ள எல்லா கோரும் நன்றாகவே இருக்கும். உள்ளே அறுந்த செம்பு இழைகள் நின்ற நிலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், இழுபடும்போதுதான் விலகும். அதனால் கேன்ட்ரியை மேனுவலில் மெதுவாக ஓட்டிக்கொண்டே, கேன்ட்ரி பக்க ஜங்ஷன் பாக்ஸில் 24 வோல்ட்டை அளக்க வேண்டும். அருகில் இருக்கும்போது 23.8 காட்டியது, கோடியில் 19.4 வரை இறங்கி ஊசலாடியது. எந்திரத்தை நடத்தும் சிறு கணினியான பிஎல்சி-யின் இன்புட் விளக்குகளில் பாதுகாப்புச் சுற்றின் விளக்கு அதே இடத்தில் ஒரு மினுக்கு மினுக்கியது.

கேபிளில் இரண்டு ஸ்பேர் கோர் இருந்தன. பழுதான கோரை விட்டுவிட்டு ஸ்பேரில் மாற்றிக் கட்டினால் எந்திரம் அன்றே ஓடும். அன்றைக்கு அதைச் செய்யலாம், தவறில்லை. ஆனால் ஒரு கோர் அறுந்த வளைவில் மற்றவையும் அதே எண்ணிக்கை மடங்கியிருக்கின்றன. ஸ்பேரில் ஓட்டும் நாட்கள் புது கேபிள் வாங்கி வருவதற்கான அவகாசம் மட்டுமே.

வாங்கும்போது தவறுவது இங்கேதான். கடையில் மல்டிகோர் என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். தடித்த இழை போட்ட சாதாரண கேபிள் ஓடுகிற எந்திரத்தில் சில மாதம்கூடத் தாங்காது. தொங்கு கேபிளுக்கு மெல்லிய இழை கொண்ட கிளாஸ் 5, இழுவைச் சங்கிலிக்குள் போவதற்கு கிளாஸ் 6. வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தின் பத்து மடங்குக்குக் குறையக் கூடாது. பவரும் கன்ட்ரோலும் தனித்தனிக் கேபிள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போவது ஷீல்டு போட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சென்சார்களில் பொய் சிக்னல் வரும். நீளம் கேன்ட்ரி ஓட்டத்தைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதல். முக்கியமாக, கேபிளைச் சுமந்து ஓடும் தொங்கு டிராலிகளுக்கு இடையே ஒரு மெல்லிய ஸ்டீல் கயிறு கேபிளைவிடக் குட்டையாக ஓட வேண்டும். இழுவையைக் கயிறு தாங்கினால் கேபிள் வெறுமனே தொங்கும். இங்கே அந்தக் கயிறு எப்போதோ துருப்பிடித்து அறுந்திருந்தது, இரண்டு டிராலி பேரிங் இறுகியிருந்தது. கேபிள் செத்ததற்குக் காரணம் அதுதான். கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி அதே நோய்.

மீதி மூன்று குறிகள் ஜங்ஷன் பாக்ஸைக் காட்டின. யாரோ பின்னாளில் ஒரு கேபிளை எடுத்துவிட்டு அது நுழைந்த கிளாண்ட் ஓட்டையை இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடியிருக்கிறார்கள், அதுவும் பாக்ஸின் மேல்பக்கத்தில். டெர்மினலில் பச்சைக் களிம்பு. ஈரம் புழங்கும் இடத்தில் கேபிள் எப்போதும் பாக்ஸின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு தொய்வு விட வேண்டும், தண்ணீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிப் போய்விடும். ஓட்டைக்குப் பிளக், எல்லா ஒயர் முனைக்கும் ஃபெரூல் தொப்பி, புது டெர்மினல் வரிசை. மின்சாரம் கொடுக்கும் முன் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்ப்பதானால் 500 வோல்ட் போதும். டிரைவ், பிஎல்சி, சென்சார் மூன்றையும் கழற்றிவிட்டுத்தான். கழற்றாமல் மெகர் அடித்து டிரைவைச் சாகடித்த கதை ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு.

போட்டோசெல்

காரின் நீளத்தையும் கூரையின் வளைவையும் எந்திரத்துக்குச் சொல்வது கேன்ட்ரியின் இரு பக்கத் தூண்களிலும் எதிரெதிராக இருந்து ஒளிக்கற்றையை அனுப்பி வாங்கும் போட்டோசெல்கள். லென்ஸில் ஷாம்பூவும் உப்பும் சேர்ந்து படலம் கட்டும். நனைத்த மென்மையான துணியால் துடைத்தால் போதும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸில் மயிரிழை வெடிப்பு விழும், பிறகு அந்த செல் எப்போதும் மங்கலாகத்தான் பார்க்கும்.

துடைத்த பிறகு நேர்படுத்த வேண்டும். ரிசீவர் விளக்கு எரிந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே முடுக்கக் கூடாது. இடமாகத் திருப்பி விளக்கு அணையும் இடத்தையும், வலமாகத் திருப்பி அணையும் இடத்தையும் கண்டு, நடுவில் நிறுத்த வேண்டும். மேல் கீழும் அதேபோல். சோதனைக்கு அட்டைப் பெட்டி வையுங்கள். கண்ணாடி வைத்து ஏமாறாதீர்கள்: ஒளி விண்ட்ஷீல்டு வழியாகக் கடந்துபோகும், அதனால்தான் ஒரே உயரத்தில் ஒற்றை செல்லை நம்பி எந்த எந்திரமும் ஓடுவதில்லை.

கரன்ட்

மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் எந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது பேனலிலேயே அளந்ததில் 418, 410, 396. சராசரி 408. அதிகபட்ச விலகல் 12. 12-ஐ 408-ஆல் வகுத்தால் 2.9 சதவீதம். சிறியதாகத் தெரியும். ஆனால் வோல்டேஜில் ஒரு சதவீத ஏற்றத்தாழ்வு மோட்டார் கரன்ட்டில் ஆறு முதல் பத்து மடங்காகப் பெருகும். மோட்டாருக்குள் ஒரு காயில் (செம்புச் சுருள்) மட்டும் எப்போதும் கூடுதலாகச் சூடாகிக்கொண்டிருக்கும். ஒரு சதவீதத்துக்கு மேல் போனாலே மோட்டாரை முழுச் சுமையில் ஓட்டக் கூடாது, ஐந்து சதவீதம் தாண்டினால் ஓட்டவே கூடாது. அடிக்கடி காயில் கட்டிக் கொண்டுவரும் மோட்டார் இருந்தால் மோட்டாரைத் திட்டும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். இங்கே அலுவலக ஏசி மூன்றும் காத்திருப்பு அறை விளக்குகளும் ஒரே ஃபேஸில் தொங்கின. பிரித்துக் கட்டிய பிறகு விலகல் ஒரு சதவீதத்துக்குள் வந்தது. செலவு ஒரு நாள் எலெக்ட்ரீஷியன் கூலி.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஈபி-யிலும் ஜெனரேட்டரிலும் ஃபேஸ் வரிசை மாறியிருந்தால், டிரைவ் வழியாக ஓடும் மோட்டார்களுக்கு ஒன்றும் ஆகாது, நேரடியாக கான்டாக்டரில் ஓடுபவை திரும்பிச் சுற்றும். பிரஷ் எதிர்த்திசையில் சுற்றினால் வைப்பரையும் கண்ணாடியையும் பிடுங்கும். உலர்த்தும் ஃபேன் விஷயம் இன்னும் நுட்பமானது: இந்த வகை ஃபேன் திரும்பிச் சுற்றினாலும் காற்று அதே வாயில் வழியாகத்தான் வரும், வேகம் மட்டும் குறையும். "ஃபேன் வீக் ஆயிடுச்சு" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான்கில் ஒன்று இங்கே அப்படித்தான் ஓடியது. இரண்டு ஒயரை இடம் மாற்றினால் முடிந்தது. ஃபேஸ் வரிசை ரிலே ஒன்றைப் பேனலில் போட்டுவிடுவது நல்லது.

கதவின் கீழ்ப்பாதி ஏன் கழுவப்படவில்லை

எல்லோரும் முதலில் பார்ப்பது பிரஷ் இழையை. தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்பார்கள். பிரஷ் செட் இந்த எந்திரத்தின் விலையுயர்ந்த தேய்மானப் பொருள்களில் ஒன்று. அவசரப்பட வேண்டாம்.

பிரஷ் காரைத் தொட்டதை எந்திரம் எப்படி அறிகிறது? இந்த வகையில், பிரஷ் மோட்டாரின் கரன்ட்டை வைத்து. சும்மா சுற்றும்போது ஒரு கரன்ட், காரில் உரசும்போது கொஞ்சம் அதிகம். அந்தச் சிறு வித்தியாசம் வந்ததும் உள்நோக்கித் தள்ளுவது நிற்கும், இன்னும் கூடினால் பிரஷ் பின்வாங்கும். இந்த மோட்டாரில் எந்திரம் நிறுவியபோது எழுதிவைத்த அளவு: சும்மா 1.6 ஆம்பியர், தொட்டால் 1.85. இப்போது கிளாம்ப் மீட்டரில் இடது பிரஷ் சும்மா சுற்றும்போதே 1.84.

அதாவது எந்திரத்தின் கணக்கில் இடது பிரஷ் எப்போதும் காரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் காருக்கு அருகில் போவதே இல்லை. கதவின் மேல்பாதி வெளியே புடைத்திருப்பதால் இழைநுனி உரசுகிறது, கீழே உள்வாங்கும் இடத்தில் காற்றில் சுற்றுகிறது. கூடுதல் 0.24 ஆம்பியரைத் தின்றது கியர்பாக்ஸும் கீழ்முனை பேரிங்கும். 6205 பேரிங் கையால் சுற்றினாலே மணல் அரைப்பதுபோல் சத்தம். கியர்பாக்ஸில் எண்ணெய் பாதிக்கு மேல் இல்லை. காற்றுத்துளை அடைத்துக்கொண்டதால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாக எண்ணெய் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. இழைகளில் பழுப்புக் கோடு இருந்ததும் அதனால்தான்.

சீலை மாற்றுவதில் ஒரு பொறி உண்டு. பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் ஷாஃப்ட்டில் விரல்நகம் மாட்டும் அளவு பள்ளம் விழுந்திருக்கும். அதே இடத்தில் புது சீலைப் போட்டால் முதல் வாரமே கசியும். சீல் உட்காரும் குழியில் இடமிருந்தால் சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் போடலாம், அல்லது லேத்தில் ஷாஃப்ட்டை நிரப்பிக் கடையலாம். சீலின் உதட்டுக்கு கிரீஸ் வைக்காமல் உலர்வாகப் போடக் கூடாது. எண்ணெயில் ஒரு எச்சரிக்கை: வார்ம் கியர்பாக்ஸில் செயற்கை பாலிகிளைக்கால் எண்ணெய் ஊற்றியிருந்தால் அதன்மேல் சாதாரண மினரல் கியர் ஆயிலை ஊற்றிக் கலக்கக் கூடாது. தெரியாவிட்டால் முழுக்க வடித்து, கழுவி, பெயர்ப்பலகையில் உள்ள கிரேடைப் புதிதாக ஊற்றுங்கள். மேல் பிரஷின் கியர்பாக்ஸில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தது, அங்கே வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதற்கு இரட்டைச் சீல், வெளிச் சீலின் உதடு தண்ணீரைப் பார்த்தபடி.

பேரிங், சீல், எண்ணெய் மூன்றும் மாற்றிய பிறகு சும்மா ஓடும் கரன்ட் 1.62. அப்புறம்தான் பிரஷ் அழுத்தத்தை மறுபடி பதிய வேண்டும். வரிசை மாறக் கூடாது. கியர்பாக்ஸ் இறுக்கமாக இருக்கும்போதே தொடு அளவை 2.1-க்கு ஏற்றிவைத்து "சரிசெய்து" விட்டுப் போனால், பின்னொரு நாள் பேரிங் மாற்றியதும் பிரஷ் காருக்குள் நுழையப் பார்க்கும். எதிர்ப்பக்கமும் இதே அபாயம்: இழை நிஜமாகவே தேய்ந்து குட்டையானால் உரசல் குறையும், எந்திரம் கரன்ட்டைத் தேடி இன்னும் உள்ளே தள்ளும், கண்ணாடி உடையும். இங்கே இழையின் நுனி பிளந்திருந்தது, நீளம் போதுமானதாகவே இருந்தது. செட்டை மாற்றவில்லை.

பெல்ட்டுகளில் ஓரம் நைந்திருந்தது. ஒன்று மட்டும் மோசம் என்றாலும் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரஷ் சாய்ந்து தொங்கும்.

சக்கரமும் தண்டவாளமும்

இடது ஓட்டுச் சக்கரம் 198 மி.மீ., வலது 201. மூன்று மி.மீ.தானே என்று விடலாம். ஒரு சுற்றுக்கு வித்தியாசம் 9.4 மி.மீ., பத்து மீட்டர் ஓட்டத்துக்குச் சுமார் 16 சுற்று. வழிகாட்டி உருளை பிடித்து நிறுத்தாவிட்டால் கேன்ட்ரி 150 மி.மீ. கோணிக்கொள்ளும். உருளைதான் அந்தக் கோணலை முழுக்கத் தாங்கித் தேய்ந்திருந்தது. சக்கரங்களை ஜோடியாக மாற்றி, டியூப் லெவல் வைத்து இரண்டு தண்டவாள மட்டத்தையும் பார்த்ததில் வடிகால் ஓரம் 5 மி.மீ. இறங்கியிருந்தது. ஆங்கரைத் தளர்த்தி ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, அடியில் சுருங்காத கிரவுட் கலவை ஊற்றினால் போதும்.

தண்ணீர்

வெள்ளைத் திட்டுக்கும் எந்திரத்துக்கும் சம்பந்தமில்லை. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1,400, கடினத்தன்மை 600. கடைசி அலசலும் அதே தண்ணீரில்தான் நடந்தது. ஏற்கெனவே ஒரு சாஃப்ட்னர் இருந்தது, கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் 25 லிட்டர், வாரம் ஒருமுறை உப்புப் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காருக்கு மீட்டரில் 150 லிட்டர், 30 கார், லிட்டருக்கு 600 மி.கிராம்: நாளுக்கு 2.7 கிலோ கடினத்தன்மை. ஒரு லிட்டர் ரெசின் ஒரு சுற்றில் சுமார் 50 கிராம் பிடிக்கும், 25 லிட்டர் என்றால் 1.25 கிலோ. அதாவது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். மீதி ஆறரை நாள் அது வெறும் குழாய்.

சாஃப்ட்னரைப் பெரிதாக்கினால் ஷாம்பூ நன்றாக நுரைக்கும், நாசில் அடைக்காது. ஆனால் சாஃப்ட்னர் டிடிஎஸ்-ஐக் குறைப்பதில்லை, கால்சியத்துக்குப் பதில் சோடியம் வரும், அவ்வளவே. திட்டு துடைத்தால் போகிற திட்டாக மாறும், இல்லாமல் போகாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர், டிடிஎஸ் 50-க்குக் கீழே, காருக்கு 20 லிட்டர் போதும். நாளுக்கு 600 லிட்டர். மணிக்கு 250 லிட்டர் தரும் சிறு ஆர்ஓ மூன்று மணி நேரம் ஓடினால் தொட்டி நிரம்பிவிடும். அதன் கழிவு நீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். காரின் அடிப்பாகத்தில் அடிக்க வேண்டாம், உப்பைக் கூட்டித் துருவுக்கு விருந்து வைப்பதாகும்.

நாசில்களை ஒவ்வொன்றாக வாளியில் 30 விநாடி பிடித்து அளக்கவும். புது நாசிலைவிடப் பத்து சதவீதம் அதிகம் வந்தால் துளை தேய்ந்துவிட்டது. தண்ணீர் கூடி அழுத்தம் குறைந்தால் நாசில். இரண்டும் குறைந்தால் பம்ப் அல்லது உறிஞ்சு பக்க ஃபில்டர். பிரஷர் கேஜ் முள் துடித்தால் பம்ப் வால்வு. அடைத்த நாசிலைக் கம்பியால் குத்தினால் விசிறி வடிவம் போய்விடும். ஐந்து சதவீத சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வரும். கழிவறை ஆசிட்டை எந்திரத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது, துத்தநாகப் பூச்சை அது தின்றுவிடும்.

ஷாம்பூவையும் வாக்ஸையும் கேனில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்காமல், அளவு ஜாடியிலிருந்து உறிஞ்சவிட்டு ஒரு காருக்கு எத்தனை மி.லி. போகிறது என்று பார்க்க வேண்டும். உலர்த்தும் வாக்ஸ் 15 மி.லி. போக வேண்டிய இடத்தில் 4 போனது, உறிஞ்சு முனையின் வடிகட்டி அடைப்பு. அந்த வாக்ஸ்தான் தண்ணீரை முத்து முத்தாகத் திரட்டி ஃபேன் தள்ளிவிட வசதி செய்கிறது. அது இல்லாமல் எத்தனை ஃபேன் போட்டாலும் கார் ஈரமாகத்தான் வெளியே வரும்.

சட்டகம்

இதுவரை சொன்ன எதுவும் எந்திரத்தை மாற்றக் காரணமாகாது. சட்டகம் காரணமாகலாம்.

கேன்ட்ரித் தூண்கள் உள்ளீடற்ற சதுரக் குழாய். துரு உள்ளிருந்து வரும், வெளியே பெயின்ட் பளபளக்கும். அடியில் வடிதுளை அடைத்திருந்தால் குழாய்க்குள் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கீழிருந்து மேலே போனால் கணீர் சத்தம் எங்கே மொத்தையாகிறதோ அங்கே சுரண்டிப் பார்க்கலாம். நம்பகமான வழி, அல்ட்ராசோனிக் தடிமன் மானியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது. மூலத் தடிமன் 4 மி.மீ. மூன்று தூண் அடியில் 3.5-க்கு மேல். வடிகாலை ஒட்டிய நான்காவதில் 2.6, அதாவது 35 சதவீதம் போய்விட்டது. தூண் அடி, சக்கரப் பெட்டி, மேல் பிரஷ் ஓடும் தடம் ஆகிய இடங்களில் கால் பங்குக்கு மேல் தடிமன் போனால் அந்தத் துண்டை நம்பி எடையை விடக் கூடாது என்பது எங்கள் வரம்பு. ஒரு தூண் என்றால் அடியில் 400 மி.மீ. வெட்டி எடுத்துப் புதுக் குழாய் சேர்க்கலாம். இரண்டுக்கு மேல் என்றால் பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டு விலை கேட்பதே சரி.

வெல்டிங் வைக்கும் முன் துத்தநாகப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். எர்த் கிளாம்ப்பை வெல்டு போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்ட வேண்டும். தூரத்தில் பூட்டினால் கரன்ட் சக்கர பேரிங் வழியாகப் போய் உருளைகளைப் பொத்தலாக்கும். பிஎல்சி, டிரைவ் கனெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆரம்பம். முடிந்ததும் துத்தநாகம் மிகுந்த பெயின்ட் இரண்டு கோட்டு, புது வடிதுளை.

பேனல்

உள்ளே எஸ்7-200 வகை பிஎல்சி. உற்பத்தி நின்றுபோன வகை, அதன் இடத்தில் எஸ்7-1200 வந்துவிட்டது. நிரல் உள்ளே அழியாத நினைவகத்தில் இருக்கும், ஆனால் ஓட்டத்தின்போது மாறும் அளவுகள் ஒரு கெப்பாசிட்டரின் தயவில் சில நாள்தான் தங்கும். பொங்கலுக்கு நான்கைந்து நாள் மெயினை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து ஆன் செய்தால் எந்திரம் பேந்தப் பேந்த விழிப்பது இதனால்தான். எல்லா அளவுகளையும் காகிதத்தில் எழுதி பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தோம்.

முடிவை மாற்றக்கூடிய கேள்வி வேறு: நிரலின் பிரதி கையில் இருக்கிறதா? தயாரிப்பாளர் பாஸ்வேர்டு போட்டிருந்தால் வெளியே எடுக்க முடியாது. பிஎல்சி சாகும் அன்றைக்குப் புதிதாக எழுத வேண்டும். ஒவ்வொரு இன்புட்டும் அவுட்புட்டும் எது என்ற பட்டியல் இருந்தால்கூட, பிரஷ் எப்போது பின்வாங்க வேண்டும் என்ற நுணுக்கங்களைச் சோதித்துச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும், அதுவரை பலி கொடுக்க ஒரு பழைய கார் வேண்டும். இங்கே பிரதி எடுக்க முடிந்தது, அதே மாடலில் பழைய பிஎல்சி ஒன்று வாங்கி நிரலேற்றி, ஒரு நாள் முழுக்க ஓட்டிச் சோதித்து அலமாரியில் வைத்தாயிற்று. பிரதி எடுக்க முடியாமல் போயிருந்தால் கீழே வரும் கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கணக்கு

ஊருக்கு ஊர் மாறும், அதனால் ரூபாய் அளவுகளைச் சூத்திரத்துக்கான உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், ஷாம்பூ, கூலி போக ஒரு காரில் 120 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். மாதம் நான்கு நாள் நின்றால் இழப்பு 30 கார், 4 நாள், 120: ரூ.14,400. சில்லறைப் பழுதுக்கு மாதம் 9,000. ஆக பழைய எந்திரம் மாதம் 23,400 தின்கிறது.

புது எந்திரம் 24 லட்சம், எட்டு வருடம் என்றால் வட்டியைச் சேர்க்காமலே மாதம் 25,000. நிற்கும் நாளை முழுக்க ஒழித்தாலும் கை கடிக்கிறது. மேலே சொன்ன வேலைகள் அனைத்துக்கும் ஆர்ஓ உட்பட 3,20,000 ஆகிறது, நிற்கும் நாள் மாதம் ஒன்றாகவும் சில்லறைப் பழுது 4,000 ஆகவும் குறைகிறது என்றால் மாதம் மிச்சம் 10,800-ம் 5,000-மாக 15,800. போட்ட பணம் 20 மாதத்தில் திரும்பும். சட்டகம் மூன்று வருடம் தாங்கும் என்று தடிமன் மானி சொன்னால் பழுதுபார்ப்பது லாபம். ஒன்றரை வருடம்தான் என்றால் நட்டம். ஆக எல்லாம் அந்த 2.6 மி.மீ. தூணில் வந்து நிற்கிறது.

பணத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. 12 வருடத்தில் கார்கள் பெருத்துவிட்டன. ஃபார்ச்சூனரின் உயரம் 1,835 மி.மீ., அது நுழைகிறதா, கூரைமேல் கேரியர் இருந்தாலும் நுழைகிறதா என்று பாருங்கள். மஹிந்திரா தார் போலப் பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் மேல் பிரஷ் பின்னால் இறங்கும்போது சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும், அதற்குத் தனி புரோகிராம் வேண்டும். வாரத்தில் எத்தனை வண்டியை "இதில் வராது, கையால்தான்" என்று திருப்பி அனுப்புகிறீர்கள் என்று ஒரு மாதம் கோடு போட்டு எண்ணுங்கள். நாலில் ஒன்று என்றால் மேலே போட்ட கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இங்கே இருபதில் ஒன்று. (மழையைக் கண்டால் தானே ஓடும் வைப்பரை உள்ளே விடும் முன் அணைக்கச் சொல்லும் பலகையும் இல்லை. நடுக்கழுவலில் வைப்பர் எழுந்தால் பழி எந்திரத்தின் தலையில் விழும்.)

கழிவுநீர்த் தொட்டியையும் இதே வேளையில் தூர்வாரிவிடலாம். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெய்ப் பிசுக்கு லிட்டருக்கு 10 மி.கிராம், பொதுச் சாக்கடையில் விட்டால் 20 என்பது வரம்பு. எண்ணெய் பிரிக்கும் அறை சேறு நிரம்பிக் கிடந்தால் எந்த வரம்பும் நிற்காது.

வேலை நடந்த வரிசை: முதல் நாள் ஃபேஸ் பிரிப்பும் ஃபேன் திசையும், இரண்டாவது நாள் கேபிளும் பாக்ஸும், மூன்றும் நான்கும் தூண் வெல்டிங், பிறகு சக்கரம், தண்டவாளம், கியர்பாக்ஸ், பெல்ட். பிரஷ் அளவைப் பதிவது கடைசி. வெல்டிங்குக்கு முன் பதிந்தால் கேன்ட்ரி நிற்கும் நேர் மாறி மறுபடி பதிய வேண்டிவரும். ஆர்ஓ தனியாக ஒரு வாரம் எடுத்தது, அதற்காக எந்திரத்தை நிறுத்தவில்லை.

ஓடத் தொடங்கியபின் எழுதிவைத்த அளவுகள்: 24 வோல்ட் கோடியில் 23.6, பிரஷ் சும்மா ஓட்டம் இடது 1.62, வலது 1.60, வோல்டேஜ் விலகல் 0.8 சதவீதம், கடைசி அலசல் டிடிஎஸ் 38. மாதம் ஒருமுறை இதே நான்கை அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடிமன் மானி. மீதி மூன்று தூண்களில் இரண்டு 3 மி.மீ.-ஐத் தொட்டால் புது எந்திரத்துக்கு விலை கேட்கலாம். அப்போது தாளில் இருக்க வேண்டியவை: தண்டவாள இடைவெளி, கூரை உயரம், ஈபி அனுமதித்த சுமை, சர்க்யூட் வரைபடமும் பாஸ்வேர்டு இல்லாத நிரல் பிரதியும் கையில் தரவேண்டும் என்ற நிபந்தனை. பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் சரிசெய்த இடது கியர்பாக்ஸையும் நான்கு ஃபேன் மோட்டாரையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அளவு ஒத்துப்போனால் புது எந்திரத்துக்கும் ஸ்பேராகும்.